மாளிகைக்குள் ஏசல்பாட்டுக்காரன்

ஜனவரி 9
குடியரசுத் தலைவராகி ஐந்து மாதம். இந்தத் தீவின் முதல் குடியரசுத் தலைவரே நான்தான். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தபோது கார்னிவல் திருவிழாக் கூடாரத்தில் மேடை ஏறி மந்திரிகளை ஏசிப் பாடியவன். இப்போது அதே மந்திரிகள் எனக்குக் கதவு திறக்கிறார்கள். உள்ளே வரத்தான், வெளியே போக அல்ல.

ஜனவரி 14
உப்புமீன் கேட்டேன். வெள்ளித்தட்டில், முள்ளெல்லாம் உருவி வந்தது. இப்போது அதுவும் என் ஜாடைதான்.

ஜனவரி 22
எங்கள் பிரதமரான லாவில், ஒரு மசோதாவோடு வந்தார். கார்னிவல் பாட்டுக்கு இனி போலீஸ் அனுமதி வேண்டுமாம். போன வருஷம் அவர் வழுக்கையை ஊரே பாடியது. இயற்றியது நான் என்று அவருக்குத் தெரியுமா? தெரியும். என் வாயை அடைக்கத்தானே இந்தப் பதவி!
"யோசிக்கணும்" என்றேன்.
"சட்டத்துல அதுக்கு இடமில்லையே சார். கையெழுத்துதான் உங்க வேலை."

ஜனவரி 23
காய்ச்சல் என்று படுத்துவிட்டேன். மூன்று டாக்டர்கள் வந்தார்கள். காய்ச்சல்தான் வரவில்லை.

ஜனவரி 27
ஒசிலியன் வந்தான். கூடாரத்தில் 'மகா இடி' என்று பட்டம் வாங்கிய என் கூட்டாளி. கையில் எலுமிச்சைப்புல் கஷாயம்.
"என்னடா மாமன்னா, நாடகமா?"
"கையெழுத்துப் போட்டா உன்னைப் பிடிப்பாங்கடா."
"போடு, திட்டிப் பாடறேன். போடாம படுத்துக் கிட, அதுக்கும் திட்டிப் பாடறேன். எனக்கென்ன நஷ்டம்?"
போகும்போது மட்டும் சிரிக்கவில்லை. "நாங்களும் வாயை மூடிட்டா ஊர்ல யாருடா பேசுவா?"

பிப்ரவரி 2
போட்டால் நான் நானில்லை. போடாவிட்டால் பதவியில்லை. இந்த நேரத்திலும் மோனை வந்து நிற்கிறது, வெட்கங்கெட்டது.
என் மனைவி யூலாலி சொன்னாள்: "வாத்தியாரே, இங்க வந்தப்புறம் உங்க குறட்டைகூட மரியாதையா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

பிப்ரவரி 5
ராஜினாமா. ஒரே வரி. மூட்டை கட்டி முடிக்கவில்லை — செனட் தலைவரைத் தற்காலிகத் தலைவராக்கி, அவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். பதவியும் போச்சு, பாட்டும் போச்சு. என்னத்தக் கிழிச்சேன் நான்?

பிப்ரவரி 11
போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் எழுதுகிறேன்.
நேற்றுக் கூடாரத்தில் எல்லார் கையிலும் அனுமதிச் சீட்டு. மகா இடிகூடக் கடற்பறவையைப் பற்றித்தான் பாடினான்; என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜனம் கொட்டாவி விட்டது.
சீட்டில்லாமல் ஏறினேன். லாவில், செனட் தலைவர், முக்கியமாக முதல் குடியரசுத் தலைவர் என்கிற அந்தக் கோழை — ஒருத்தரையும் விடவில்லை.
மேடைப் படிக்கட்டில் கான்ஸ்டபிள் பெர்சிவல், என் பழைய மாணவர். புதுச் சட்டத்தின் முதல் கைதியும் நான்தான். விலங்குக்குக் கையை நீட்டினேன்.
"அவசரமில்ல சார். இன்னொரு தரம் கேக்கறாங்க. பாடிட்டு வாங்க, நிக்கிறேன்."
மூன்று தரம் கேட்டார்கள். மூன்று தரமும் நின்றார்.