பதினோரு பேருக்கு ஒரு மெயில்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? தைலம் தீர்ந்துவிட்டால் தம்பியிடம் சொல், தள்ளிப்போடாதே.

ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர்களை எடுத்துவிட்டுப் புதியவை வைக்கிறார்கள். எல்லோருடைய மெயில் முகவரிப் பட்டியல்களையும் அவற்றுக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. "ஒரு பேரு விட்டுப்போனாலும் உன்னைத்தான் கேப்பேன்" என்றார் மேனேஜர். அதனால் முதலில் என் பட்டியலை மாற்றிப் பார்த்தேன். மொத்தமே பதினோரு பேர். எண்ணிக்கை சரியாக இருந்தது. இருந்தாலும் எல்லோருக்கும் "வந்துச்சா?" என்று ஒரு வரி அனுப்பிவைத்தேன்.

சாயங்காலம் வரை ஒரே ஒரு பதில். அப்பாவின் முகவரியிலிருந்து.

"வந்துச்சு. சாப்பிட்டியா?"

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. முகவரியை இன்னொரு முறை சரிபார்த்தேன். அப்புறம்தான் அவருடைய போன் உன் தலைமாட்டில் இருப்பது ஞாபகம் வந்தது. வேறொன்றுமில்லை, மிச்ச வேலையையும் முடித்துவிட்டேன். ஒரு பெயர்கூட விடுபடவில்லை.

அந்த போனை சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள். தம்பியிடம் சொல்லி மாதாமாதம் ரீசார்ஜ் செய்துவிடு.

மேனேஜர் கூப்பிடுகிறார். சாப்பிட்டேன், அம்மா. இனி எனக்கு எழுதினால் அதிலிருந்தே எழுது.

உன் மகன்