மேலே நின்றவன்

போதும். முப்பது வருடத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

நேற்று கடைத்தெருவை அகலப்படுத்த, மழைநீர் வடிகாலை மூடியிருந்த கற்களைப் பெயர்த்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அந்த வாடை மூக்கில் ஏறியது. ஊறிய சாக்கு, துரு, வௌவால் எச்சம். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள். நான் நின்றுவிட்டேன்.

ஏரி நிரம்பி வழியும் கலங்கலில் தொடங்கி, கடைத்தெருவுக்கு அடியில் வளைந்து, கோமுகி ஆற்றில் விழும் அந்த வடிகாலுக்கு ஊரில் யாரிடமும் வரைபடம் இல்லை என்று கண்டுபிடித்தவன் நீ. நாமே அளந்து வரைந்துவிடலாம் என்றாய். கல்லூரியில் நமக்கு அப்போது இரண்டாம் வருடம். விடுமுறை நாளில் ஒருவன் உள்ளே, ஒருவன் மேலே. மேலே இருப்பவன் சைக்கிளைத் தள்ளியபடி நடந்து, ஒவ்வொரு கல்லிலும் கம்பியால் தட்ட வேண்டும். இரண்டு தட்டு என்றால் போகலாம். மூன்று என்றால் தண்ணீர் வருகிறது, ஏறிவிடு. அளவுகளைக் குறிக்கும் நோட்டு நனையாமல் மேலே இருப்பவனிடம் இருக்கும். இறங்கும் முன் பக்கத்தின் தலையில் நீ எழுதுவாய்: 'கீழே' என்று ஒரு பெயர், 'மேலே' என்று ஒரு பெயர்.

உன் அப்பா ஊர்ச் சாக்கடைகளில் கூலிக்கு இறங்கியவர். அதனால் நம் வேலை யாருக்கும் தெரியக் கூடாது என்றாய். "நீ எறங்குனா தைரியசாலிம்பானுங்க. நான் எறங்குனா, அப்பன் வேலைய புள்ள பாக்குறான்னு சொல்லிக்கினு போவானுங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

இடஒதுக்கீடு கேட்டு என் சாதிக்காரர்கள் சாலைகளை மறித்த வாரம் அது. கல்லூரி மூடியிருந்தது. இன்னும் நானூறு அடிதான் பாக்கி என்று நீ இறங்கினாய். நான் நகர்த்தினால் நீ ஏறி வர வேண்டிய கல்லருகே காத்திருந்தேன். வெட்டிய புளியமரத்தை இழுத்துக்கொண்டு ஒரு கும்பல் வந்தது.

"இன்னாடா, நம்ம பையன் நீ, வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? கை குடு."

"காலேஜ் படிக்கிற கையி, நோவுமோ இன்னாவோ" என்றான் இன்னொருவன்.

கை கொடுத்தேன். மரம் உருண்டு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்தது. கீழே ஆள் இருக்கிறான் என்று சொல்ல வாய் வரை வந்தது. யார் என்று கேட்பார்கள். சொன்னால், அவனோடு உனக்கென்ன சகவாசம் என்பார்கள். வந்த வழியே திரும்பிவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்வராயன் மலை காலையிலிருந்தே மழைமேகத்தில் கருத்துக் கிடந்தது. அதைப் பார்த்தும் நான் கம்பியை எடுக்கவில்லை.

சற்று நேரத்தில் கல்லுக்கு அடியிலிருந்து நீ தட்டினாய். மூன்று. மறுபடியும் மூன்று. கோஷத்துக்கு நடுவே அது எனக்கு மட்டும்தான் கேட்டது. ஆற்றுப் பக்கம் ஓடினேன், யாரிடமும் சொல்லாமல்.

மறுநாள் ஆற்றோரம் உன்னை எடுத்தார்கள். ஏன் இறங்கினான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூலிக்கு அடைப்பெடுக்கப் போனவன் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. "காலேஜுக்குப் போறன்னு சொல்லிக்கினு இந்த வேலைக்கா கண்ணு போன?" என்று உன் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். நான் நாலடி தள்ளி நின்றேன். நோட்டு என் சட்டைக்குள் இருந்தது.

அந்தப் போராட்டம் கேட்டதில் நியாயம் இருந்தது. அது வாங்கித் தந்த இடஒதுக்கீட்டில்தான் எனக்கு வேலையும் கிடைத்தது. கை கொடுக்கச் சொன்னவர் இன்று அதே வடிகாலுக்கு ஒப்பந்ததாரர். நேற்று என்னைப் பார்த்து, "இன்னா சார், அந்தக் காலத்துக் கல்லு, இன்னா கனம் பாருங்க" என்றார். அவரை நான் மன்னிக்கப் போவதில்லை. மரத்தை உருட்டிய எவனையும் மன்னிக்க மாட்டேன். அந்தக் கணக்கில் நானும் உண்டு.

நீ கூலிக்குத்தான் இறங்கினாய் என்று நம்பியே உன் அம்மா போய்ச் சேர்ந்தார். உன் தங்கை தியாகதுருகத்தில் ஆசிரியையாக இருக்கிறாள். அண்ணனைப் பற்றி யார் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவாளாம். இந்த மடலையும் உன் நோட்டையும் அவள் முகவரிக்கு அனுப்புகிறேன். நேற்று திறந்த இடம்வரை ஒத்துப் பார்த்தேன். உன் அளவு ஒன்றுகூடத் தப்பவில்லை.

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்து, மூடிவைத்துவிட்டேன். பெயரில்லாமலேயே தபாலில் சேர்க்கப் போகிறேன். ஆனால் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. 'மேலே' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நீ எழுதிய என் பெயர் அப்படியே இருக்கிறது.