துப்பாக்கி வாரைக் கழற்றிவிடு

அன்புள்ள தரணிக் கண்ணுக்கு,

2025 நவம்பர் 9, ஞாயிறு, காலை பதினொன்று இருபது. உனக்கு நெய்து அனுப்பினேனே துப்பாக்கி வார், அதன் மிச்சத் துண்டை ஆறு தடவை சோதித்தேன், ஆறு தடவையும் தோளை விட்டு வழுக்கி விழுந்தது. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்க முடியும். இங்கே நான் சுகம், நீயும் நீ வேலை பார்க்கும் பண்ணை மாடுகளும் அந்த நாட்டுக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே சரிங்கப்பா சரிங்கப்பா என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். கடைசி வரைக்கும் படி.

அம்மா இன்னும் சிவகிரியில் அவள் அப்பா வீட்டில்தான். அப்புச்சிக்கு இடுப்பு எலும்பு கூடவில்லை, எழுந்து உட்காரவே ரெண்டு பேர் வேண்டும், பொங்கல் வரைக்கும் வர முடியாது என்கிறாள். போகச் சொன்னதே நான்தான், அதனால் குறை சொல்லவும் முடியாது. மத்தியானம் மெஸ், ராத்திரி தோசை மாவு பாக்கெட். வார நாளில் தறிச் சத்தத்தில் ஒன்றும் தெரிவதில்லை, ஞாயிற்றுக்கிழமை யூனிட் நின்றால்தான் வீடு இவ்வளவு பெரிசா என்று இருக்கிறது. டிவியைப் போட்டுவிட்டு வேறு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். நாற்பத்து நாலு வயதில் இதெல்லாம் எழுதக் கூடாது, விடு.

மான் சுடப் போவது உன் இஷ்டம், லைசென்ஸ் வாங்கியிருக்கிறாய், அந்த நாட்டுச் சட்டம் விடுகிறது, அதில் நான் பேச மாட்டேன். அம்மாவுக்குத்தான் இன்னும் தெரியாது, நான் நெய்தது கேமரா பைக்கு வார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நீயே சொல்லிக்கொள். நான் பேசுவது போன வாரம் நீ அனுப்பிய வீடியோவைப் பற்றி. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு சரிவில் இறங்குகிறாய், கம்பி வேலியில் குனிகிறாய், துப்பாக்கி தோளிலிருந்து அப்படியே நழுவிக் கல்லில் அடிக்கிறது. நீ சிரிக்கிறாய். கேட்டால், ஒண்ணும் ஆகலீங்கப்பா, குண்டு உள்ள இல்லீங்க, நீங்க செஞ்சு கொடுத்ததுங்க, நான் கழட்ட மாட்டேன் என்றாய். அன்றைக்கு உள்ளே குண்டு இல்லை. என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தது.

ஒரு வாரமாக எனக்குப் புரியவில்லை. நூல் சரி, நெசவு சரி, அகலம் சரி, எல்லாம் நானே செட் பண்ணியது. நேற்றுதான் ஃபினிஷிங்கில் இருக்கும் ராசப்பனைக் கேட்டேன். ரெண்டு மடங்கு சாஃப்ட்னர் போட்டனுங்க என்று பெருமையாகச் சொல்கிறான். ஏன்டா என்றால், பொண்ணு தோளுக்குப் போறதுங்க, அறுக்காம மெத்துன்னு இருக்க வேண்டாமுங்களா என்கிறான். அவனைத் திட்டவும் வாய் வரவில்லை. நம் ஊரில் எது செய்தாலும் கடைசியில் சாஃப்ட்னர் தொட்டியில் முக்கித்தான் எடுப்போம், காதர்பேட்டைக் கடைகளுக்குச் சரக்கு எடுக்க வருகிறவன் பனியனைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டான், விரலால் தேய்த்துப் பார்த்தே விலை கேட்பான். அதே பழக்கத்தில் வாரையும் முக்கிவிட்டான். வார் தோளைப் பிடிக்கணும், இது தோளைத் தடவுகிறது. பார்சல் கட்டும்போது நானும் தடவிப் பார்த்துவிட்டு நல்லா வந்திருக்கு என்றுதான் சொன்னேன்.

அதனால் இன்று காலை நீ விட்டுப்போன மழைக்கோட்டை மாட்டி, மிச்சத் துண்டில் அஞ்சு லிட்டர் தண்ணிக் கேனைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தேன். கோட்டை நனைத்தும் பார்த்தேன், நனைத்தால் இன்னும் மோசம். தறியிலேயே மிஞ்சிக் கிடந்த, சாஃப்ட்னர் படாத இன்னொரு துண்டு மட்டும் நின்றது, குனிந்தாலும் நின்றது. பக்கத்து மாடியிலிருந்து சுப்பாத்தாள் அக்கா, ஏந் தம்பி, ஊட்ல தண்ணி வரலீங்களா, கேனை மாட்டிட்டுச் சுத்தறீங்க, மழையும் இல்ல கோட்டு வேற என்றார்கள். துப்பாக்கி வார் பாக்கறனுங்க்கா என்றேன். உள்ளே போய்விட்டார்கள். அரை மணி கழித்து ஒரு போசி நிறைய ரசமும் சோறும் வந்தது. தனியாக இருந்து ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ரசம் நன்றாக இருந்தது.

இப்போது கேள். அந்த வாரை இன்றைக்கே கழற்று. சும்மா கழற்றி வைத்தால் மறுபடி மாட்டுவாய், கத்தரியால் நடுவில் வெட்டு. அப்பா செஞ்சது என்று வைத்துக்கொள்ளாதே, அது நான் செய்ததில் உருப்படாதது. அங்கே கடையில் சொரசொரப்பாக ஒன்று வாங்கு. தோளில் போட்டு நடக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு நேரே வாரைப் பிடித்திருக்கட்டும். வேலி வந்தால் தோளிலிருந்து இறக்கு, போல்ட்டைத் திற, குண்டு இல்லை என்று கண்ணால் பார், துப்பாக்கியை முதலில் அந்தப் பக்கம் படுக்க வை, பிறகு நீ தாண்டு. லைசென்ஸ் பரீட்சைக்கு நீ எனக்கு வாசித்துக் காட்டியதைத்தான் திருப்பிச் சொல்கிறேன்.

உன் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும் சாமி. காதை மூடித் தொப்பி போடு. வெட்டிய வாரைப் படம் எடுத்து அனுப்பு, மறக்காதே.

உன் அப்பா,
அர்த்தநாரி
அனுப்பர்பாளையம்

நான் அடுத்துச் செய்யப்போவது:

1. நாளை காலை ராசப்பனிடம் சொல்லி, வாருக்குத் தொட்டி கிடையாது என்று போர்டு எழுதி மாட்டுவது.
2. பருத்தி நூல் கலந்து, சொரசொரப்பாகப் புது வார் நெய்வது.
3. அதை நனைத்து, கேன் கட்டி, ஒரு வாரம் நானே போட்டு நடப்பது. அக்கா என்ன நினைத்தாலும் சரி.
4. நின்றால் மட்டும் உனக்கு அனுப்புவது.
5. அதுவும் உனக்குப் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்று நெய்வது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை இல்லை.