தைப்பூசத்தன்று நிற்காத இரத்தம்

சுங்கை பினாங்,
8 மார்ச்

அன்பு மகள் காமினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஆக்லாந்தில் சுகமாக இருக்க முருகன் துணை இருக்கட்டும். இங்கே அம்மா சுகம். நான் சுகமில்லை, அதை மழுப்பாமல் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் கத்துவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். சித்தப்பா பிறை டவுனில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தாடை உடைந்தது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அவன் விழவில்லை. நான்தான் அடித்து உடைத்தேன்.

தைப்பூசத்தன்று நடந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் காவடி எடுக்கிறேன், ஒரு சொட்டு இரத்தம் வந்ததில்லை, நீயே பார்த்திருக்கிறாய். இந்த வருஷம் கன்னத்தில் அலகு குத்தியதும் குழாயைத் திறந்த மாதிரி கொட்டியது. திருநீற்றை அள்ளி அமுக்கினார்கள், அது சேறாகிக் கழுத்தில் வழிந்தது, நெஞ்சு வேட்டி எல்லாம் சிவப்பு. உறுமி அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் யாரோ, "விரதம் சுத்தமில்ல லா, அதான் ரத்தம் வருது" என்றார். எனக்கு அது போதும். துணைக்கு வரும் உன் சித்தப்பா சிவநேசனும் என்னோடு சேர்ந்து விரதம் இருப்பதாகத்தான் பேச்சு, ஆனால் இரண்டு நாள் முன்பு அவன் காரில் நாசி கண்டார் கறிச்சோற்றுப் பொட்டலம் கிடந்ததை நான் பார்த்திருந்தேன். அலகை நானே உருவி எறிந்தேன். சாலையில் உடைக்கக் குவித்து வைத்திருந்த தேங்காயில் ஒன்றை எடுத்து அவன் தாடையில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவனை வயிற்றில் மிதித்தேன், இழுக்க வந்த ஒருவனின் கையைக் கடித்தேன். உன் சித்தப்பாவின் பல் இரண்டு தார் ரோட்டில் கிடந்தன. இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது அம்மா, ஆனால் அடிக்கும்போது வெட்கமில்லை, திருப்தியாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

இரண்டு பேரையும் ஒரே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடி வாங்கிய அவனுக்கு வழியிலேயே இரத்தம் உறைந்துவிட்டது, எனக்கு மறுநாள் காலைவரை கன்னம் கசிந்தது. அப்போதுதான் டாக்டர் ஐனா வேட்டியை விலக்கிப் பார்த்தார், கால் முழுக்க நீலமாய் கறுப்பாய்த் திட்டுகள். மூன்று மாதமாக இருந்தது, பட்டறையில் இடித்துக்கொண்டேன் என்று விட்டுவிட்டேன். பல் தேய்த்தால் இரத்தம், பிரஷ் சரியில்லை என்றேன். படி ஏறினால் மூச்சு வாங்கியது, வயசு என்றேன். என்னைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பெலும்பில் ஊசியைத் திருகி உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்தார்கள், உயிரே அந்த ஓட்டை வழியாகப் போவதுபோல் அலறினேன்.

டாக்டர் மலாயில் சொன்னதை நர்ஸ் ஜெயலெட்சுமி மூன்று தடவை தமிழில் சொன்ன பிறகுதான் என் மண்டையில் ஏறியது. இரத்தம் பிறப்பது எலும்பு மஜ்ஜையில். அங்கே உள்ள மூல அணுக்கள் தினமும் பிரிந்து பிரிந்து கோடி கோடியாகப் புது அணுக்களை உண்டாக்குகின்றன. பிரியும் ஒவ்வொரு தடவையும் உள்ளே எழுதியிருக்கும் மரபுக் குறிப்பை முழுக்க நகல் எடுக்க வேண்டும், அதில் பிழை விழும், வயசாக வயசாகப் பிழை சேரும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எனக்குப் பல வருஷத்துக்கு முன்பு ஏதோ ஓர் அணுவில் விழுந்த பிழை அதற்கு மற்றவற்றை மிஞ்சிப் பெருகும் தெம்பைக் கொடுத்துவிட்டது. அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நல்ல அணுக்களை நெருக்கித் தள்ளி இடம் பிடித்தன. அதோடு நின்றிருந்தால் தெரியாமலே காலம் போயிருக்குமாம், வயசானவர்கள் பலருக்கு அப்படி இருக்கிறதாம். என் கெட்ட நேரம், அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கு இரண்டாவது பிழை, அதன் வம்சத்தில் மூன்றாவது. இப்போது வளராத அரைகுறை அணுக்கள் மஜ்ஜையை அடைத்துக்கொண்டதால் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் போதவில்லை. நூற்றுக்குப் பதின்மூன்று அரைகுறையாம், இருபதைத் தொட்டால் அதன் பெயர் கடுமையான இரத்தப் புற்றுநோய். முப்பது வருஷம் சிம்பாங் அம்பாட் பட்டறையில் காருக்குச் சாயம் அடித்துவிட்டுச் சாயம் கரைக்கும் தின்னரிலேயே கை கழுவினேனே, அதனாலா என்று கேட்டேன். இருக்கலாம், வெறும் வயசாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அடிக்க ஆள் இல்லாத கோபம் எப்படி இருக்கும் தெரியுமா, மேசையை ஓங்கிக் குத்தினேன், கை கறுத்து வீங்கியதுதான் மிச்சம். "அண்ணே, மேசைக்கு ஒன்னும் ஆவாது, உங்களுக்குத்தான் ஆவும்" என்று ஜெயலெட்சுமி திட்டினாள். நீ பயப்படாதே, எனக்கு வந்தது பிள்ளைகளுக்குப் போகும் வகை இல்லை என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

தீர ஒரே வழி, வேறொருவரின் மூல அணுக்களை எனக்கு ஏற்றுவது. கூடப் பிறந்தவர்களில் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு, எனக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். அவனிடம் கேட்பதைவிடச் சாகிறேன் என்றேன். அம்மா என்னிடம் சொல்லாமலே அவனிடம் போயிருக்கிறாள், அவனும் அன்றே சோதனைக்கு இரத்தம் கொடுத்திருக்கிறான், முழுக்கப் பொருந்திவிட்டது. அதைக் கேட்டதும் சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அம்மா கரண்டியைத் தூக்கி என் காலடியில் எறிந்து, "நீங்க செத்தா நான் அழமாட்டேன், அந்தப் பையன் தாடைக்குத்தான் அழுவேன்" என்று கத்தினாள். மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். பல்லைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், உறிஞ்சுகுழலில் மைலோ குடித்துக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்கப் போனவன் நாசி கண்டாரைப் பற்றித்தான் கேட்டேன், என் புத்தி அப்படி. போனில் எழுதிக் காட்டினான்: "சாப்பிட்டேன் அண்ணே, கோழி. அதுக்கும் உங்க ரத்தத்துக்கும் என்னா?" அதற்குக் கீழே, காமினியிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருந்தான். போலீஸ் கேட்டபோதுகூட விழுந்துவிட்டேன் என்றுதான் அவன் சொன்னானாம்.

இப்போது அரைகுறை அணுக்களைக் குறைக்க வயிற்றில் ஊசி போடுகிறார்கள், நாலு சுற்று முடிந்ததும் பெரிய மருந்து கொடுத்து என் மஜ்ஜையை ஒன்றுவிடாமல் கொன்றுவிட்டு அவனுடையதை ஏற்றுவார்கள். பிழைப்பேன் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நேற்று எங்கள் இருவரையும் உட்காரவைத்து டாக்டர் எச்சரித்தார், அவன் அணுக்கள் என் உடம்பை அந்நியமென்று நினைத்து அடிக்கலாம், தோல், குடல், ஈரல் எதையும் விடாது, உயிரே போகலாம் என்றார். அடிக்கட்டும், அவனுக்குப் பாக்கி இருக்கிறது என்று சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. சிவநேசன் என் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டிய பல்லுக்குள்ளிருந்து, "என் ரத்தம் உங்கள அடிக்காதுண்ணே" என்றான். நான் எழுந்து வெளியே போய் நின்று அழுதேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, வர வேண்டிய நேரத்தில் அம்மா சொல்வாள். ஒன்றை மட்டும் மறக்காதே, இதைப் படித்ததும் எனக்குப் போன் போடாதே, சித்தப்பாவுக்குப் போடு. அவனால் இன்னும் வாய் திறந்து பேச முடியாது, நீயே பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா
பக்கிரிசாமி