மேரியக்காவை எங்கே வரைவது

12 ஆகஸ்ட் 1998, புதன்

தொழிற்சாலைக் கோப்புகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை எனக்கு. உதிரிபாகம் கேட்கும் கோப்பு எப்படி நகர்கிறது என்று மூன்று வாரமாகக் கட்டம் கட்டமாக வரைந்தேன். ஆறு கையெழுத்து, பிறகுதான் ஸ்டோரிலிருந்து சாமான். தங்கவயலிலிருந்து ரயிலில் வந்து அந்தக் கோப்புகளைச் சுமக்கும் மேரியக்காவிடம் இன்று காட்டினேன்.

“இப்படிப் போனா மெஷின் ஒரு வாரம் நிக்கும் சார். நான் ஸ்டோர்ல சொல்லி முதல்ல சாமான வாங்கிக் குடுத்துடுவேன். கையெழுத்து அப்புறம் வாங்கிப்பேன்.”

அப்படியானால் நான் வரைந்தது எதை? அவர் செய்வதை வரைந்தால் விதியை மீறியதாக மாட்டிக்கொள்வார். வரையாவிட்டால், கோப்புகள் கம்ப்யூட்டருக்குப் போனதும் அவர் தேவையில்லை என்பார்கள்.

“இதுல நான் எங்க சார் இருக்கேன்?” என்று கேட்டார்.

இரண்டு கட்டங்களுக்கு நடுவிலிருந்த அம்புக்குறியைக் காட்டினேன்.