முந்தானைக்குள் ஒரு கவர்

ஆடி, செவ்வாய் இரவு.

தணிகை மலைப்படி ஓரம் பூ விற்கும் கஸ்தூரியை, பிளாஸ்டிக் கவரை விடச் சொல்லி நச்சரித்தவள் நான்தான். "கொஞ்சம் கொஞ்சமா விடு, போதும்" என்றேன். அவளும் வாழையிலைக்கு மாறினாள்.

இன்று தூறல். ஈர இலை பட்டுப்புடவையில் படுமென்று எதிர்க்கடையில் கவரில் போட்ட மாலையை வாங்கிவிட்டேன். படியேறப் போனபோது கஸ்தூரி கூப்பிட்டாள்.

"கவர் இல்லன்னு எல்லாரும் எதிர்க்கடைக்கே போறாங்க அக்கா. உங்க மாலைய எடுத்து வச்சிகினு ஒக்காந்துகினு இருக்கேன்."

கவரை முந்தானைக்குள் மறைத்தேன். இலைப் பொட்டலத்துக்குக் கை நீட்டியபோது கவர் சரசரத்தது. அவள் நிமிரவே இல்லை.

"படி ஈரமா கீது. பாத்துப் போங்க அக்கா."

அவள் என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாம்.

இரண்டு மாலையையும் முருகனுக்கே கொடுத்தேன். வேண்டிக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.