ரோஸ்மில்க் நிறத்துக் கிட்டார்

உன் கிட்டாரைத் துடைத்த துணி கடைக்குப் பின்னால் கொடியில் இன்னும் கிடக்கிறது. குப்பையில் போடலாம் என்று எடுத்தவள், ஒருதரம் முகர்ந்து பார்த்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். தின்னர் வாசனை எனக்குப் புதிதா என்ன? தென்காசியில் பெயிண்டுக் கடை நடத்துகிறவளின் சேலையிலும் தலைமுடியிலும் அது எப்போதும் இருக்கும். நீயே மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி செய்திருக்கிறாய். ஆனால் இந்தத் துணியில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அடித்த பழைய லேக்கர் பூச்சு கரைந்திருக்கிறது. ஓரமெல்லாம் இளஞ்சிவப்பு.

உனக்கு நினைவிருக்கும். உன் மாமா கப்பல் வேலையில் இருந்தபோது ஜப்பானில் வாங்கி வந்த எலெக்ட்ரிக் கிட்டார் அது. நாம் பிறப்பதற்கு முன்பே பிறந்தது. உன் கைக்கு வரும்போது மேல்பூச்செல்லாம் வெடித்து உரிந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும் கண்ணாடிச் சில்லுப் போல அவ்வளவு கூர்மை. ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் நீ வாசித்தால் வாசலில் செருப்பு விடுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்தில் நின்று நான் பாடுவது யாருக்கும் கேட்காது. எனக்கு வாய்த்த குரல் அப்படி. சுருதி சுத்தம், ஆனால் சன்னம். பாடகர் குழுவை நடத்திய அண்ணாச்சி ஒருநாள் என் காதுபடவே சொன்னார். "பிள்ள நல்லாத்தான் பாடுதா. ஆனா கிட்டாருக்குள்ள முங்கிப் போயிருதே. பின்வரிசையில நிக்கட்டும்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் அழுதேன். நீ ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. கடைசியில், "ஏட்டி, கிட்டாருக்குப் பெயிண்டு அடிக்கணும், ஒங்க கடையில லேக்கர் இருக்குலா?" என்று கேட்டாய். எனக்கு வந்த கோபத்தில் உன்னைப் பிடித்து ஐந்தருவியில் தள்ளியிருப்பேன்.

நாம் பெயிண்டு அடிக்கத் தேர்ந்தெடுத்த காலத்தைப் பார். சித்திரை, வைகாசியெல்லாம் கல்யாண வீடுகளில் வாசிக்கப் போய்விட்டாய். ஓய்வு கிடைத்தது ஆனியில். குற்றாலத்தில் உங்கள் வீட்டார் நடத்திய லாட்ஜில் சீசன் கூட்டம், ஓர் அறைகூடக் காலியில்லை. மொட்டைமாடித் தகரக் கொட்டகையில், காயாமல் தொங்கிய படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் கிட்டாரைக் கட்டித் தொங்கவிட்டோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து நம் கையெல்லாம் புண். பிறகு ஒயின் சிவப்புச் சாயம் ஏற்றி, அதன் மேல் ஸ்ப்ரே வைத்து லேக்கர் அடித்தோம். மலையிலிருந்து சாரல் உள்ளே வந்துகொண்டே இருந்தது. ஈரக்காற்றில் லேக்கர் அடித்தால் வெளுத்துப் போகும் என்பது எங்கள் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். சாரல் சுகத்தில் இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. நம் கண் முன்னாலேயே அந்தச் சிவப்பின் மேல் பால் படர்ந்தது.

"பெயிண்டுக் கடைக்காரர் மவளாம்! வெளிய சொல்லிராத, ஒங்க அப்பா யாவாரம் படுத்துரும்," என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். குழுவில் எல்லோரும் அதை ரோஸ்மில்க் கிட்டார் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு அதன் சத்தம் மாறிப்போனது. கூர்மை போய், வெல்லப்பாகு போல ஒரு கனிவு வந்தது. குமிழ்களைக் கழற்றாமல் செய்தித்தாளைச் சுற்றி நாம் அடித்ததில் லேக்கர் உள்ளே இறங்கி, கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் டோன் குமிழ் பாதியிலேயே இறுகிவிட்டது என்றாய். நான் திருகிப் பார்க்கப் போனால் கையில் அடிப்பாய். "தொடாதட்டி, ஒடைஞ்சிரும்." நானும் நம்பினேன். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் என் குரல் கடைசி பெஞ்சுவரை கேட்டது. அண்ணாச்சி என்னை முன்வரிசைக்கு அழைத்தார். அதன் பிறகு இன்றுவரை நான் பின்வரிசைக்குப் போனதில்லை. லேக்கர் வேலை கெட்டதுதான் எனக்கு வந்த அதிர்ஷ்டம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீயும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாய், கள்ளி.

நீ கண்ணை மூடிய பிறகு உன் மகள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சித்தி, இதுக்குப் புதுசா பாலிஷ் போட்டுத் தாங்க. நான் கோயில்ல வாசிக்கணும்." அந்தப் பூச்சை எடுத்தால் உன் சத்தமும் அதோடு போய்விடுமே. இனி அதைக் கேட்க எனக்கு வேறு வழி ஏது? மழைக்காலம், பனிக்காலம் என்று சாக்குச் சொல்லி மாசிவரை தள்ளினேன். வெயில் ஏறியதும் சொல்லச் சாக்கு இல்லை.

இந்த முறை ஒழுங்காக எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆரம்பிப்போம் என்று முதலில் அந்தக் குமிழைப் பிடித்தேன். உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து திருகினால், அது வெண்ணெயில் திரும்புவது போலத் திரும்பியது. இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும்.

"இது இறுகித்தானடி இருந்துச்சு?" என்றேன்.

"மொதல்ல ஒட்டுச்சாம் சித்தி. மறுநாளே தின்னர் தொட்டு எடுத்துட்டேன்னு அம்மா சொல்லுவா. வீட்டுல வாசிக்கையில முழுசாத் தொறந்துதான் வாசிப்பா. கோயிலுக்குக் கெளம்பும்போதுதான் கொறச்சு வைப்பா." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நீ சொல்லவே இல்லையே. ஊரே மெச்சிய அந்தக் கூர்மையை வீட்டுச் சுவருக்குள் வைத்துவிட்டு, ஞாயிறுதோறும் பாதிச் சத்தத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறாய். கேட்டிருந்தால் என்னைக் கிண்டல் செய்துதான் மழுப்பியிருப்பாய். அன்று கடைக்குப் பின்னால் உன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுததை உன் மகள் பார்த்தாள். பார்க்கட்டும்.

கிட்டார் இப்போது அழகாக இருக்கிறது. பால் படலம் போய், சிவப்புக்கு அடியில் மரத்தின் ரேகை தெரிகிறது. பின்மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் ரோஸ்மில்க்கை விட்டுவைத்திருக்கிறேன், அது நமக்கு. பழைய பூச்சை எடுப்பதற்கு முன்னும் புதிதாகப் பூசிய பின்னும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், என் காதுக்கு வித்தியாசமே தெரியவில்லை. நம் பெயிண்டு சத்தத்தை ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் நீ.

நேற்று ஞாயிறு. உன் மகள் வாசிக்க, நான் பாட நின்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உன்னைப் போலவே குமிழுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"தொடாதட்டி," என்றேன். "தொறந்தே இருக்கட்டும்."

இத்தனை வருஷத்தில் என் குரலும் கொஞ்சம் தடித்திருக்கிறது. முட்டி மோதிப் பாடியிருந்தால் கிட்டாருக்கு ஈடு கொடுத்திருப்பேன். நான் அப்படிச் செய்யவில்லை. கோயில் முழுக்க உன் முழுச் சத்தமும் கேட்கட்டும் என்று, நேற்று நான் குறைத்துப் பாடினேன்.